மூத்தவர் நிழலில் மூன்றாண்டுகள்

சென்ற கோடையில் நம் தங்கையின் கணவர் அமெரிக்காவிலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். விஸ்கான்சின் மாநிலத்தில் மில்வாக்கி நகரில் உத்தியோகம் பார்ப்பவர். ரயில் நிலையத்தில் இறங்கும்போதே அவர் தலையில் பச்சைத் தொப்பி ஒன்று இருந்தது. அதன் முகப்பில் முட்டை வடிவமாக ஓர் ஆங்கில எழுத்து.

"இது எந்தக் கம்பெனித் தொப்பி, மாப்பிள்ளை?" என்று கேட்டோம்.

"கம்பெனி இல்லை மச்சான், எங்கள் மாநிலத்துப் பந்தாட்டக் குழு" என்றார்.

பத்து நாட்கள் தங்கினார். அவற்றுள் மூன்று இரவுகள் குழந்தைகள் உறங்கிய பின்பு சாப்பாட்டு மேஜைமேல் டம்ளர்களையும் கிண்ணங்களையும் வரிசையாக நிறுத்தி, அந்த ஆட்டத்தை நமக்கு விளக்கினார். பழைய ஆட்டங்கள் சிலவற்றைத் தம் கணினியிலும் காட்டினார். விளையாட்டில் நமக்கு அவ்வளவு நாட்டமில்லை. எனினும் அவர் சொன்ன ஒரு செய்தி நம்மைப் பிடித்துக்கொண்டது. அவர் திரும்பிச் சென்ற பின்பும் அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தோம். காரணம் உண்டு. அந்த மாதத்தில்தான் நம் அலுவலகப் பிரிவில் பட்டதாரி இளைஞர் ஒருவரை நம் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்த்தியிருந்தார்கள். நாமோ மெட்ரிக் மட்டும் தேறியவர். தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானதால் கருணை அடிப்படையில் ரயில்வேக்குள் நுழைந்தவர். அடுத்த நாற்காலியைப் பார்த்ததும் மனத்தில் என்ன தோன்றியிருக்கும் என்பதை உத்தியோகம் பார்க்கும் அன்பர்கள் அறிவார்கள்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுவோம். அமெரிக்கர்கள் 'புட்பால்' என்று சொல்வது நாம் அறிந்த கால்பந்தன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம் அது. ஒரு பக்கத்துக்குப் பதினொருவர். மைதானம் 100 கெஜம். பந்தை வைத்திருக்கும் குழு நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். இல்லையேல் பந்து எதிரியிடம் போகும். ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னதாகவே திட்டம் ஒன்று வகுக்கப்பட்டிருக்கும். அந்தத் திட்டத்தைத் தோழர்களுக்கு அறிவித்து, பந்தைக் கையில் வாங்கி, யாரிடம் எறிவது என்று இரண்டு மூன்று விநாடிகளுக்குள் முடிவு செய்பவர் ஒருவரே. அவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். பயிற்சியாளரின் குரல் அவருடைய தலைக்கவசத்துக்குள் வானொலி மூலம் கேட்கும். ஆனால் ஆட்டம் தொடங்கக் குறித்த நேரத்தில் 15 விநாடிகள் எஞ்சியிருக்கும்போது அந்தக் குரல் அறுந்துபோகும். அதற்குப் பிறகு எதிரில் நிற்பவர்களின் அணிவகுப்பைக் கண்டு, வேண்டுமானால் திட்டத்தையே மாற்றிக் கூவ வேண்டியதும் அவர் பொறுப்பே. அந்த வேளையில் மலைபோன்ற நான்கைந்து பேர் அவரைத் தரையில் வீழ்த்தக் காத்து நிற்பார்கள்.

நம் ஊர்க் கிரிக்கெட்டில் இளைஞர் ஒருவரை ஏழாவது ஆட்டக்காரராக இறக்கிப் பழக்கலாம். இங்கே அதற்கு வழியில்லை. குவார்ட்டர்பேக் இடம் ஒன்றே ஒன்று. விக்கெட் கீப்பர் இடத்தை ஓரளவு உவமையாகச் சொல்லலாம். மூத்தவர் நன்றாக இருக்கும்வரை இளையவர் ஓரத்தில்தான் நிற்க வேண்டும். பருவம் முழுவதற்கும் ஒரு குழுவுக்கு 17 ஆட்டங்களே. 2021க்கு முன்பு 16 ஆட்டங்கள்தாம் இருந்தன. ஆகவே பழகிக்கொள்ளட்டும் என்று ஓர் ஆட்டத்தை விட்டுக்கொடுக்க எந்தக் குழுவுக்கும் மனம் வராது.

அங்கே இளைஞர்கள் குழுவில் சேரும் முறையும் வேடிக்கையானது. மொத்தம் 32 குழுக்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் மாதக் கடைசியில், கல்லூரிகளில் ஆடிய வீரர்களை ஏழு சுற்றுகளில் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதற்கு டிராஃப்ட் என்று பெயர். முதல் டிராஃப்ட் 1936இல் நடந்தது. சென்ற பருவத்தில் மிகவும் தோற்ற குழுவுக்கே முதல் உரிமை. இளைஞர் தமக்குப் பிடித்த ஊரைத் தேர்ந்துகொள்ள முடியாது. எந்தக் குழு பெயரைச் சொல்லிற்றோ அந்த ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். மாற்றல் உத்தரவு வாங்கிப் பழகிய ரயில்வேக் குடும்பங்களுக்கு இதைக் கூடுதலாக விளக்கத் தேவையில்லை.

2005 ஏப்ரல் 23ஆம் தேதி. நியூயார்க் நகரில் டிராஃப்ட் நடக்கிறது. முதலில் தேர்ந்தெடுக்கப்படலாம் என்று பேசப்பட்ட இருவர் குவார்ட்டர்பேக்குகள்: அலெக்ஸ் ஸ்மித், ஆரன் ராட்ஜர்ஸ். முதல் உரிமை சான் பிரான்சிஸ்கோ குழுவுக்கு. அது ஸ்மித்தின் பெயரைச் சொல்லிற்று. ஆறாண்டு ஒப்பந்தம், ஏறத்தாழ 5 கோடி டாலர். ராட்ஜர்ஸ் அந்தக் குழுவின் பக்கத்து ஊர்க் கல்லூரியில் ஆடியவர். சிறு பிராயம் முதல் அதே குழுவின்மேல் ஆசை வைத்தவர். அவரைப் புறத்தே விட்டார்கள். பிறகு ஒரு குழு, இன்னொரு குழு என்று பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. இவர் பெயர் வரவில்லை. அழைக்கப்பட்டவர்கள் அமர்ந்திருந்த அறை மெல்ல மெல்லக் காலியாகிறது. புதுக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக அந்த 21 வயது இளைஞர் நான்கு மணி நேரத்துக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறார்; தொலைக்காட்சிக் காமிரா அவர் முகத்தைவிட்டு அகலவில்லை. அந்தப் பதிவைப் பார்த்தபோது, தேர்வு முடிவு ஒட்டிய பலகையில் தம் எண்ணைத் தேடித் தேடி நிற்கும் பிள்ளைகளின் முகம் நினைவுக்கு வந்தது. இருபத்து நான்காவதாகத்தான் கிரீன் பே குழு அவரை அழைத்தது.

ராட்ஜர்ஸுக்குப் புறக்கணிப்பு புதிதன்று. பள்ளிப் படிப்பு முடிந்தபோது பெரிய கல்லூரி எதுவும் உதவித்தொகை கொடுத்து அழைக்கவில்லை. உள்ளூரில் பியூட் என்னும் சிறு கல்லூரியில் ஓராண்டு ஆடினார். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் அங்கே வேறொரு வீரரைப் பார்க்க வந்தவர், பந்தெறிந்துகொண்டிருந்த இவரைக் கண்டு அழைத்துக்கொண்டார்.

கிரீன் பே ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல ஆசை. ஜனத்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம். மற்றக் குழுக்கள் கோடீசுவரர்களுடையவை. இந்த ஊர்க் குழுவுக்கோ ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட பங்குதாரர்கள் உண்டு. லாப ஈவு ஒரு காசும் கிடையாது. 1919இல் இதைத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் கர்லி லாம்போ என்பவர். இந்தியன் பேக்கிங் கம்பெனி என்ற இறைச்சிப் பொட்டலம் கட்டும் நிறுவனத்தில் சரக்கு அனுப்பும் குமாஸ்தாவாக இருந்தார். பெயரைக் கண்டு நம் நாட்டுக் கம்பெனி என்று எண்ணிவிட வேண்டாம். சட்டைகள் வாங்க முதலாளி பணம் கொடுத்ததால் குழுவுக்குப் 'பேக்கர்ஸ்' என்று பெயர் வந்தது. இன்று எண்பதினாயிரம் பேர் அமரும் மைதானம் அந்தக் குமாஸ்தாவின் பெயரால் வழங்குகிறது. நம் இனத்தவர் ஒருவருக்கு இவ்வளவு பெருமை கிடைத்ததை இங்கே பதிவு செய்யாமல் விடுவது நியாயமாகாது.

ராட்ஜர்ஸ் போய்ச் சேர்ந்தபோது அந்த ஊரின் குவார்ட்டர்பேக் பிரெட் ஃபார்வ். எழுதுவது ஒரு விதம், உச்சரிப்பது ஒரு விதம் என்று மாப்பிள்ளை சிரித்தார். 1992 செப்டம்பரில் மூத்த வீரர் காயம்பட்டு விழுந்தபோது இடையில் இறங்கி ஆட்டத்தை வென்றவர். அடுத்த வாரம் முதல் ஓர் ஆட்டத்தையும் தவறவிடாதவர். 1995 முதல் 1997 வரை மூன்றாண்டுகள் தொடர்ந்து சிறந்த வீரர் விருது பெற்றவர். மூன்றாவது முறை மட்டும் இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டார். 1997 ஜனவரியில் சூப்பர் பவுல் என்னும் இறுதிப் போட்டியை ஊருக்கு வென்று தந்தவர். 2005இல் அவருக்கு வயது 35. ஓய்வு பெறலாமா என்று ஒவ்வொரு பருவ முடிவிலும் யோசிப்பார், பிறகு வந்துவிடுவார். குழு நிர்வாகத்தைப் புதிதாக ஏற்ற டெட் தாம்சனுக்கு அது முதல் டிராஃப்ட். உடனடித் தேவை எத்தனையோ இருக்க, பல ஆண்டுகள் கழித்துப் பயன்படப்போகும் ஓர் இளைஞரை அவர் எடுத்தார். தோட்டத்தில் தென்னை காய்க்கும்போதே பக்கத்தில் கன்று வைப்பவரை ஊரார் எள்ளி நகையாடுவதுபோல அவரையும் எள்ளினார்கள்.

மூன்றாண்டுகள் ராட்ஜர்ஸ் காத்திருந்தார். அந்த மூன்றாண்டுகளிலும் சேர்த்து உண்மையான ஆட்டங்களில் அவர் எறிந்த பந்துகள் 59தாம். அதிலும் 2006இல் கிடைத்த ஒரு சந்தர்ப்பத்தில் பாதத்து எலும்பு முறிந்தது.

அப்படியானால் மற்ற நாட்களில் என்ன செய்தார்? மாப்பிள்ளையிடம் நாம் துருவித் துருவிக் கேட்டது இதைத்தான். பயிற்சியின்போது இரண்டாம் நிலைக் குவார்ட்டர்பேக்குக்குத் தம் குழுவின் திட்டங்களை ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பே அரிது, அவை மூத்தவருக்கு. இவருக்கு வாய்ப்பது வேறு வேலை. அடுத்த வாரம் எதிர்க்கப்போகும் குழுவின் குவார்ட்டர்பேக்கைப்போல நடித்து, தம் குழுவின் தடுப்பாட்டக்காரர்களுக்குப் பழக்கம் கொடுக்க வேண்டும். வேண்டாவெறுப்பாகச் செய்து முடிக்கத்தக்க வேலை. ராட்ஜர்ஸ் அதையே மெய்யான ஆட்டமாக எடுத்துக்கொண்டு, தம் குழுவின் சிறந்த தடுப்பாட்டக்காரர்களை எதிர்த்து வாரந்தோறும் எறிந்தார். 2006இல் மைக் மெக்கார்த்தி தலைமைப் பயிற்சியாளராக வந்தார். முந்திய ஆண்டில் ராட்ஜர்ஸை வேண்டாமென்று ஒதுக்கிய சான் பிரான்சிஸ்கோவில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர் அவரே! பருவம் முடிந்த ஓய்வு மாதங்களில் குவார்ட்டர்பேக்குகளுக்கென்று அவர் ஒரு பள்ளிக்கூடமே நடத்தினார். காலடி வைப்பு, கண்ணோட்டம், பந்தைப் பிடிக்கும் உயரம் என்று எழுத்தறிவிப்பதுபோல அடியிலிருந்து தொடங்கினார். கல்லூரியில் பந்தைக் காதருகே உயர்த்தி விறைப்பாகப் பிடிக்கப் பழகியிருந்த ராட்ஜர்ஸ், கையைச் சற்றே தாழ்த்தி, சொடுக்குவதுபோல விரைவாக எறியக் கற்றார். பழகிய கையை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதைத் தட்டச்சில் தவறான விரலைப் பழகிவிட்டவர்கள் அறிவார்கள். வாரந்தோறும் ஆட வேண்டியிருந்தால் இதற்கெல்லாம் அவகாசம் ஏது?

2007 நவம்பர் 29ஆம் தேதி டல்லாஸ் நகரில் ஃபார்வ் காயம்பட்டு வெளியேற, ராட்ஜர்ஸ் இறங்கினார். 26 முறை எறிந்ததில் 18 சரியாகச் சேர்ந்தன. ஆட்டம் தோல்விதான். ஆனாலும் கன்று வேர்பிடித்துவிட்டதென்பதை ஊரார் அன்று கண்டுகொண்டனர்.

ஃபார்வ் இவருக்குக் கற்பித்தாரா என்று கேட்டால், வாயால் கற்பித்தது குறைவு. இளையவரை ஆயத்தம் செய்வது தம் ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை என்ற பொருளில் அவர் பேசியது பத்திரிகைகளில் வந்தது. தாம் ஆடுவதைப் பார்த்து ஏதேனும் கற்றுக்கொள்ளட்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். இதைக் கேட்ட மாத்திரத்தில் நமக்குச் சினம் வந்தது. அந்தச் சினத்தின் வேர் கிரீன் பேயில் இல்லை; நம் முதல் அலுவலகத்தில் இருந்தது.

நாம் பணியில் சேர்ந்த ஓர் அலுவலகத்தில் சம்பள நிர்ணயம் செய்யும் மூத்த குமாஸ்தா ஒருவரிடம் நம்மை விட்டார்கள். ஊழியர் பதவி உயர்ந்தாலோ ஊதியக் குழுவின் பரிந்துரை வந்தாலோ, பழைய சம்பளத்திலிருந்து புதிய சம்பளத்தைக் கணக்கிட்டுச் சர்வீஸ் ரிஜிஸ்டரில் பதிவு செய்யும் வேலை அது. விதி ஒன்று, அதற்கு விலக்கு நான்கு. அந்தப் பெரியவர் அதில் மன்னர். ஆனால் நாம் எட்டிப் பார்த்தால் இடக்கையால் பதிவேட்டை மறைத்துக்கொண்டு எழுதுவார். மூன்றாண்டுகள் நாம் செய்ததெல்லாம் கோப்புத் தைத்ததும் பக்க எண் இட்டதுமே. அவர் ஓய்வு பெற்றார், மாலை போட்டார்கள், மறு திங்கட்கிழமை பதிவேடுகள் நம் மேஜைக்கு வந்தன. நாம் போட்ட முதல் நிர்ணயங்களுள் ஒன்று பிழையாயிற்று. பாயிண்ட்ஸ்மேன் ஒருவருக்கு ஒரு படி கூடுதலாகப் போட்டுவிட்டோம். அவர் ஓய்வு பெறும் காலத்தில்தான் தணிக்கையில் அது வெளிப்பட்டது. அத்தனை ஆண்டுகளின் தொகையையும் அவருடைய பணிக்கொடையில் பிடித்தார்கள். மகளின் கலியாணத்துக்கு வைத்திருந்த கணக்கு அது. அவர் நம்மைத் திட்டவில்லை. மேஜைக்கு எதிரில் சிறிது நேரம் நின்றிருந்துவிட்டுப் போனார்.

ஃபார்வைப் பற்றி இப்போது யோசிக்கையில் அவர்மேல் அத்தனை கோபமில்லை. அடுத்த நாற்காலி அச்சத்தை விளைவிப்பதுதான். 2008 மார்ச்சில் கண்ணீரோடு ஓய்வை அறிவித்தவர் கோடையில் மனம் மாறித் திரும்பி வந்தார். குழு அவரை ஏற்காமல் ஆகஸ்டில் நியூயார்க் ஜெட்ஸ் குழுவுக்கு அனுப்பிவிட்டது. ஊர் இரண்டு பட்டது. பயிற்சி பார்க்க வந்த கூட்டத்தில் சிலர் ராட்ஜர்ஸை நோக்கிக் கூச்சலிட்டார்கள். முதல் பருவம் ஆறு வெற்றி, பத்துத் தோல்வி. வயிறெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டுமா? ஆனால் 2011 பிப்ரவரி 6ஆம் தேதி பிட்ஸ்பர்க் குழுவை 31-25 என்று வென்று சூப்பர் பவுல் கோப்பையை ராட்ஜர்ஸ் ஊருக்குக் கொண்டுவந்தார். சிறந்த வீரர் விருது அவருக்கு நான்கு முறை கிட்டியது. ஃபார்வும் ராட்ஜர்ஸும் பின்னர்ச் சமாதானமாகி, 2013இல் ஒரு விருது விழா மேடையில் சேர்ந்தே தோன்றினார்கள்.

இனி அந்த முதல் தேர்வாளர் ஸ்மித்தின் கதை. நம் மனத்தில் ராட்ஜர்ஸைவிட ஆழமாகப் பதிந்தவர் இவரே. ராட்ஜர்ஸ் ஓரத்தில் நின்ற அதே 2005இல் ஸ்மித்தைக் களத்தில் தள்ளினார்கள். வயது 21. குழுவோ தோற்றுத் தேய்ந்த குழு. அந்தப் பருவத்தில் அவர் எறிந்து பெற்ற டச்டவுன் ஒன்றே ஒன்று. எதிரிகள் பறித்துக்கொண்ட பந்துகள் 11. அதைவிடக் கொடுமை, ஆட்டத் திட்டம் வகுத்துக் கொடுக்கும் உதவிப் பயிற்சியாளர் முதல் நான்கு ஆண்டுகளும் ஆண்டுக்கு ஒருவராக மாறிக்கொண்டிருந்தார். ஒருவர் கற்பித்த சொற்களை மறந்துவிட்டு அடுத்தவரின் சொற்களைப் பயில வேண்டும். ஆண்டுதோறும் ஊர் மாறி, பள்ளி மாறி, பாடமொழியும் மாறிப் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளின் நிலைமைதான். தோள்பட்டை வேறு கெட்டு, 2008 பருவம் முழுவதும் ஆட முடியவில்லை. 'தேறாத சரக்கு' என்று எழுதி முடித்துவிட்டார்கள். 2011இல் நல்லதொரு பயிற்சியாளர் வாய்த்ததும் குழு 13 ஆட்டங்களை வென்றது. ஆனால் மறு ஆண்டே தலையில் அடிபட்டு அவர் இரண்டு வாரம் ஒதுங்கியிருந்தபோது, பின்னால் நின்ற இளையவர் இடத்தைப் பிடித்துக்கொண்டார். ஸ்மித்துக்கு அது திரும்பக் கிடைக்கவில்லை. 2013இல் கான்சஸ் சிட்டிக்குப் போனார். முந்திய ஆண்டு இரண்டே ஆட்டங்களை வென்றிருந்த அந்தக் குழுவை, தாம் இருந்த ஐந்து பருவங்களில் நான்கு முறை அடுத்த சுற்றுக்குக் கொண்டுசென்றார்.

2017 ஏப்ரலில் அந்தக் குழு என்ன செய்தது தெரியுமா? இருபத்தேழாவதாக இருந்த தன் முறையையும் மறு ஆண்டின் முதல் சுற்று உரிமையையும் மற்றொன்றையும் விட்டுக்கொடுத்துப் பத்தாவது இடத்துக்கு ஏறி, பேட்ரிக் மஹோம்ஸ் என்ற இளைஞரை எடுத்தது. ஸ்மித்துக்கு வயது 32. அடுத்த நாற்காலி வந்துவிட்டது.

இடம் பறிபோன வேதனையை ஒருமுறை பட்டவர் ஸ்மித். பதிவேட்டைக் கையால் மறைக்க அவரைவிடக் காரணமுள்ளவர் யார்? அவர் மறைக்கவில்லை. ஆட்டத்துக்கு முன் வாரம் முழுவதும் எதிரியின் படங்களை எவ்வாறு பார்ப்பது, குறிப்பு எவ்வாறு எடுப்பது, எந்த நாளில் எதைப் படிப்பது என்று தம் வழக்கத்தையெல்லாம் இளையவர் பக்கத்திலிருந்து பார்க்கவும் கேட்கவும் விட்டார். இதை நாம் ஊகித்துச் சொல்லவில்லை. மஹோம்ஸே பன்முறை நன்றியோடு சொல்லியிருக்கிறார். வியப்பு என்னவென்றால் ஸ்மித் தம் வாழ்நாளிலேயே மிக நன்றாக எறிந்த பருவமும் அந்த 2017தான். மஹோம்ஸ் ஆடியது கடைசி வாரம் ஒரே ஆட்டம். பருவம் முடிந்ததும் ஸ்மித்தை வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். மறு பருவம் மஹோம்ஸ் 50 டச்டவுன் எறிந்து சிறந்த வீரரானார்; 2020, 2023, 2024 ஆகிய மூன்று பிப்ரவரிகளில் கோப்பையும் வென்றார். ஸ்மித்துக்கு வாஷிங்டனில் 2018 நவம்பரில் கால் எலும்பு முறிந்து, புண்ணில் நஞ்சேறி, பதினேழு அறுவை சிகிச்சைகள் நடந்தன. காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்றிருந்த நிலையிலிருந்து எழுந்து 2020 அக்டோபரில் மீண்டும் களமிறங்கினார். அது தனிக் கதை.

காத்திருந்தால் போதும், கனி தானே பழுக்கும் என்று எண்ணிவிட முடியாது. 2008இல் கிரீன் பே குழு இரண்டாம் சுற்றில் எடுத்த பிரையன் பிராம் என்னும் குவார்ட்டர்பேக் அந்தக் குழுவுக்காக ஒரு பருவ ஆட்டத்திலும் இறங்காமலே போனார். அதே ஆண்டு ஏழாம் சுற்றில் எடுத்த மேட் பிளின் அவரை முந்திவிட்டார். நியூ இங்கிலாந்தில் டாம் பிரேடிக்குப் பின்னால் 2014இல் எடுத்து வைத்த ஜிம்மி கரோப்பலோ மூன்றரை ஆண்டுகள் காத்திருந்தும் பிரேடி தளரவே இல்லை. இளையவரைத்தான் வெளியே அனுப்பினார்கள். மறுபுறம், பெய்டன் மேனிங் 1998இல் முதல் நாளே இறங்கி, அந்தப் பருவத்தில் 28 பந்துகளைப் பறிகொடுத்தும் பின்னாளில் மாபெரும் வீரரானார். ஆகவே விதி ஒன்றுமில்லை என்று சிலர் சொல்வார்கள். நம் அபிப்பிராயம் வேறு. ராட்ஜர்ஸுக்கு வாய்த்து ஸ்மித்துக்கு வாய்க்காதது காத்திருப்பு மட்டுமன்று. இரண்டு ஆண்டுகளாவது மாறாத ஓர் ஆசிரியரும் மாறாத ஒரு முறையும்.

காசுக் கணக்கும் இதில் உண்டு. ஒவ்வொரு குழுவும் வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு 1994 முதல் உச்சவரம்பு இருக்கிறது. 2011இல் புதியவர்களின் சம்பளத்தையும் கட்டி நிர்ணயித்தார்கள். முதல் சுற்று வீரருக்கு நான்காண்டு ஒப்பந்தம், குழு விரும்பினால் ஐந்தாம் ஆண்டு. இளையவர் மலிவாகக் கிடைப்பது அந்த ஆண்டுகளில்தான். அவரை மூன்றாண்டுகள் ஓரத்தில் நிறுத்தினால் மலிவான காலம் வீணாகும் என்று கணக்கர்கள் முணுமுணுக்கிறார்கள். இப்போது பெரும்பாலான குழுக்கள் முதல் ஆண்டிலேயே களத்தில் தள்ளிவிடுவதற்கு இதுவே முக்கிய காரணம்.

கிரீன் பே மட்டும் பழைய வழியை விடவில்லை. 2020 ஏப்ரல் 23ஆம் தேதி, ராட்ஜர்ஸை எடுத்துச் சரியாகப் பதினைந்தாண்டுகள் நிறைந்த அதே நாளில், ஜார்டன் லவ் என்ற இளைஞரை இருபத்தாறாவதாக எடுத்தது. அப்போது ராட்ஜர்ஸுக்கு வயது 36. முந்திய பருவத்தில் 13 ஆட்டங்களை வென்ற குழு அது. பந்து பிடிக்க ஓர் ஆள் கிடைத்தால் கோப்பையே வரும் என்று ஊரார் எதிர்பார்த்திருந்தார்கள். ராட்ஜர்ஸ் மனம் வாடினார். வாடிய மனத்தோடு அடுத்த இரண்டு பருவங்களிலும் சிறந்த வீரர் விருதை வாங்கினார்! பின்னால் நிற்பவரின் மூச்சுச் சப்தம் கேட்டால் சிலருக்குக் கால் வேகமாக ஓடும் போலும். லவ் மூன்று பருவங்கள் காத்திருந்தார். முதலிலிருந்து ஆடியது ஒரே ஆட்டம். 2023 ஏப்ரலில் ராட்ஜர்ஸும் நியூயார்க் ஜெட்ஸுக்கே போனார், ஃபார்வ் போன அதே ஊருக்கு. லவ் தம் முதல் ஒன்பது ஆட்டங்களில் ஆறைத் தோற்றார். மீண்டும் கூச்சல். பின்பு எட்டில் ஆறை வென்று, 2024 ஜனவரியில் டல்லாஸ் குழுவை அதன் சொந்த மைதானத்திலேயே 48-32 என்று வீழ்த்தினார். அந்த ஆட்டத்தின் பதிவைத்தான் மாப்பிள்ளை கடைசி இரவில் காட்டினார். தம் வீட்டுப் பிள்ளையின் ஆண்டு விழாவைக் காட்டுபவர்போலக் காட்டினார்.

விமானத்துக்குப் புறப்படும் அன்று பச்சைத் தொப்பியை நம் மகன் தலையில் வைத்துவிட்டு, "உங்கள் ஆபீஸில் புதிதாக வந்த தம்பிக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறீர்கள், மச்சான்?" என்று கேட்டார். கோப்புத் தைக்கக் கொடுத்திருக்கிறோம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

இப்போது நம் மேஜையில் இரண்டு நாற்காலிகளும் ஒரே பக்கமாகப் போடப்பட்டிருக்கின்றன. கணக்கெல்லாம் கணினிக்கு வந்துவிட்டாலும் விதியும் விலக்கும் மாறவில்லை. சென்ற வாரம் மூன்று சம்பள நிர்ணயங்களை அந்தத் தம்பியே போட்டார். இரண்டு சரி. மூன்றாவதில் ஆண்டு ஊதிய உயர்வுத் தேதியைத் தவறாக எடுத்துக்கொண்டிருந்தார். டிராக்மேன் ஒருவருடைய கணக்கு அது. கையெழுத்துக்குப் போகுமுன் இருவருமாகப் பார்த்துத் திருத்தினோம்.